வேண்டாத மீன் சிக்குவதற்கு உச்சவரம்பு வைத்தால் பலன் உண்டா?

நீங்கள் கேட்டது இது: பெரிய மீன்பிடிக் கப்பல்களின் வலையில் தேடிப்போகாத மீனும் ஆமையும் சிக்கிச் சாவதைக் குறைக்க, "ஆண்டுக்கு இத்தனைதான், அதைத் தாண்டினால் மீன்பிடிப்பே நிற்கும்" என்று அரசு ஓர் எண்ணை விதித்தால் பலன் இருக்குமா, இல்லை சிக்கியதைக் கடலிலேயே கொட்டிவிட்டுக் கணக்கை மறைத்துவிடுவார்களா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிக்கியதை யார், எப்படி எண்ணுவது என்பது ஒன்று. அந்த எண் யாருடைய தலையில் விடிகிறது என்பது மற்றொன்று. உச்சவரம்பு வேலை செய்யும். ஆனால் எண்ணிக்கை நம்பும்படி இருக்க வேண்டும், வரம்பில் தன் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு கப்பலுக்கும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் அஞ்சுவதுதான் நடக்கும்.

மிக விரிவாகச் சோதிக்கப்பட்ட களம் அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடல். அங்கே பொல்லாக் என்ற மீனை ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் பிடிக்கிறார்கள். நண்டுக்குச்சி என்று விற்கும் சுரிமியும் பொரித்த மீன் துண்டங்களும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. நடுநீரில் இழுப்பதற்கென்று செய்த வலை என்பதால் எடைக் கணக்கில் மிகச் சுத்தமான மீன்பிடிப்பு. சிக்கல் என்னவென்றால், பொல்லாக் கூட்டம் மேயும் அதே நீரில் சினூக் சால்மனும் மேய்கிறது. இந்தச் சால்மன் பின்னாளில் யூகான், கஸ்கோக்விம் போன்ற ஆறுகளில் ஏறி முட்டையிடப் போக வேண்டியது. ஆற்றோரப் பழங்குடி ஊர்களுக்கு அது விற்பனைச் சரக்கு அல்ல, குளிர்காலத்துக்குப் புகைபோட்டு வைக்கும் உணவு. ஆண்டுக்கு 20,000 சினூக் சிக்குவதாக வைத்துக்கொண்டால் 65 டன் பொல்லாக்குக்கு ஒரு சால்மன். விகிதம் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். 2007-இல் மட்டும் பொல்லாக் வலைகளில் 1,20,000-க்கும் மேற்பட்ட சினூக் சிக்கியபோதுதான் அந்த "ஒன்றுமில்லாதது" எவ்வளவு பெரியது என்று எல்லாருக்கும் உறைத்தது.

அதற்கு முன் இருந்த ஏற்பாடு வேறு மாதிரி. சால்மன் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால், வரைபடத்தில் முன்பே குறித்துவைத்த ஒரு கட்டத்தை மூடுவார்கள். மீன் கட்டத்துக்குள் இருப்பதில்லை. கட்டத்தை மூடியதும் கப்பல்கள் அதற்கு வெளியே போய், சில ஆண்டுகளில் முன்னைவிட அதிகச் சால்மனைப் பிடித்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2011-இல் கடுமையான உச்சவரம்பு வந்தது. அதன் அமைப்பைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மொத்த வரம்பு ஆண்டுக்கு 60,000 சினூக். அதற்குக் கீழே 47,591 என்று இரண்டாவது எண் ஒன்று உண்டு. கரைத் தொழிற்சாலைகளுக்கு மீன் கொண்டுவரும் படகுகள், கடலிலேயே பதப்படுத்தும் கப்பல்கள், தாய்க்கப்பல்களும் அவற்றுக்கு மீன் தரும் படகுகளும், மேற்கு அலாஸ்காக் கடலோர ஊர்களுக்கான சமுதாயப் பங்கு என்று நான்கு பிரிவுகளுக்கு இந்த எண்கள் பிரிக்கப்படுகின்றன. பிரிவுக்குள் கூட்டுறவுகளுக்கும் கப்பல்களுக்கும் மேலும் பிரிகின்றன. ஒரு பிரிவு ஏழு ஆண்டுகளில் மூன்று முறை 47,591-இல் தன் பங்கைத் தாண்டினால், அதன் பிறகு நிரந்தரமாக அந்தச் சிறிய பங்குதான். 60,000 என்ற பெரிய வரம்பின் கீழ் வர வேண்டுமென்றால், சால்மன் குறைவாக இருக்கும் ஆண்டிலும் சால்மனைத் தவிர்க்க ஒவ்வொரு கப்பலையும் தூண்டும் ஓர் உள் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதற்கு அரசின் ஒப்புதலும் பெற வேண்டும். சேராதவர்கள் 28,496 என்ற மிகச் சிறிய பொது வரம்பின் கீழ்ப் போவார்கள். 2016-இல் இன்னொன்றும் சேர்ந்தது: உனலாக்லீட், மேல் யூகான், கஸ்கோக்விம் ஆகிய மூன்று ஆறுகளுக்குத் திரும்பிய சினூக் 2,50,000 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஆண்டு வரம்பு 45,000 ஆகவும் இரண்டாவது எண் 33,318 ஆகவும் தானாகவே இறங்கும்.

இந்த இரண்டாவது எண்ணை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 60,000 என்ற ஒரே சுவர் மட்டும் இருந்தால், மொத்தம் 15,000 மட்டுமே சிக்கியிருக்கும்போது கப்பல்காரருக்குச் சால்மனைத் தவிர்க்க எந்த அவசரமும் இல்லை. சுவர் தொலைவில் இருக்கிறது. உள் ஒப்பந்தம் அந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. சில திட்டங்களில், இந்த ஆண்டு தவிர்த்த சால்மனுக்கு வரவு எழுதிவைத்து, மோசமான ஆண்டில் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். கப்பல்களில் சால்மன் சிக்கும் விகிதத்தை வாராவாரம் ஒப்பிட்டு, மோசமான கப்பல்களைச் சால்மன் அதிகம் தென்பட்ட பகுதிகளிலிருந்து சில நாட்களுக்கு விலக்கி வைப்பதும் உண்டு. நல்ல விகிதம் உள்ள கப்பல் அதே இடத்தில் தொடர்ந்து வலை போடலாம். தண்டனை கூட்டத்துக்கு இல்லை, தனிக் கப்பலுக்கு.

இனி எண்ணும் விஷயம். 65 டன்னுக்கு ஒன்று என்னும்போது மாதிரி எடுத்துக் கணக்கிடுவது சரிவராது. பத்துக் கூடை மீனை அளந்து மொத்தத்துக்குப் பெருக்கினால், கூடையில் ஒரு சால்மன் விழுந்ததா விழவில்லையா என்பதே ஆண்டுக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். அதனால் அங்கே மாதிரி கிடையாது, ஒவ்வொரு சால்மனையும் எண்ணுகிறார்கள். ஒரு சால்மனைக்கூட எண்ணுவதற்கு முன் கடலில் எறியக்கூடாது என்பதுதான் அடிப்படை விதி. பதப்படுத்தும் கப்பலில், பிரிக்கும் இடத்தைத் தாண்டி ஒரு சால்மனும் தொழிற்சாலைக்குள் போகக்கூடாது. எடுத்த சால்மனைக் கப்பலில் உடன் வரும் கண்காணிப்பாளரின் பார்வையில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும், அந்த இடம் முழுவதையும் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். பெட்டி நிரம்பினால் எண்ணி முடியும்வரை மீன் ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். கரைக்கு மீன் கொண்டுவரும் படகுகளில் சால்மன் பொல்லாக்கோடு சேர்ந்தே தொட்டிக்குள் போகிறது, தொழிற்சாலையில் இறக்கும்போது எண்ணப்படுகிறது. இங்கே பிசகு நேர்வது பெரும்பாலும் வேகத்தால்தான். நகரும் பட்டையில் மீன் தடிமனாகக் கொட்டினால் அடியில் புதைந்த சிறு சால்மன் கண்ணுக்குத் தப்பி மீன்மாவு அரைக்கும் பக்கம் போய்விடும். அதனால் பட்டையின் வேகம், வெளிச்சம், பிரிப்பவர்களின் எண்ணிக்கை போன்ற அற்பமாகத் தெரியும் விஷயங்களுக்கெல்லாம் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

எண்ணும்போதே பத்துச் சினூக்குக்கு ஒன்று என்ற ஒழுங்கில் சதைத் துணுக்கு எடுத்து, எந்த ஆற்று மீன் என்று மரபணு மூலம் பார்க்கிறார்கள். சிக்கிய சால்மனை விற்க முடியாது. ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்த விதி தெரிந்தே வைக்கப்பட்டது. ஒரு ரூபாய் வருமானம் இருந்தாலும் "தவறிச் சிக்கியது" என்ற பெயரில் வேண்டுமென்றே பிடிக்கும் ஆசை வந்துவிடும்.

கப்பலில் நடைமுறையில் என்ன மாறுகிறது? முதலில் நேரம். பொல்லாக் பருவம் இரண்டு: சனவரி 20-இல் தொடங்கும் குளிர்காலப் பருவம், சூன் 10 முதல் நவம்பர் 1 வரையான இரண்டாம் பருவம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் சினூக் சிக்குவது கூடும். எனவே இரண்டாம் பருவத்தின் பங்கைக் கோடையிலேயே முடித்துக்கொள்வதுதான் எளிதான தவிர்ப்பு. இரண்டாவது, இடம். ஒரு இழுப்பில் சால்மன் கூடினால் அந்தத் தகவல் உடனே எல்லாக் கப்பல்களுக்கும் போகிறது, கப்பல்தலைவர் சில மைல் விலகிப் போய் அடுத்த வலையை விடுகிறார். மூன்றாவது, வலை. வலையின் கடைசிப் பைக்கு முன்னால் மேற்புறம் ஒரு திறப்பும், நீரோட்டத்தைத் தணிக்கும் ஒரு மறைப்பும் வைப்பார்கள். சினூக் வலுவான நீச்சல்காரன். மறைப்பின் பின்னே நீர் அடங்கிய இடத்தில் நின்று, மேலே ஏறித் திறப்பு வழியாக வெளியேறும். களைத்துப்போன பொல்லாக் பைக்குள் போய்விடும். சோதனைகளில் பொல்லாக் இழப்பு மிகக் குறைவு, சினூக்கில் கணிசமான பங்கு தப்புகிறது. ஆனால் ஒரே கருவி ஒரு கப்பலில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் வேலை செய்யும். எஞ்சின் திறன், இழுக்கும் வேகம், மறைப்பில் தைத்த எடை எல்லாம் அதை மாற்றும். கருவியை மாட்டினால் போதும் என்று சட்டம் எழுதி நிறுத்திக்கொண்டால், மாட்டிய கருவி சரியாக நிற்கிறதா என்று பார்க்க யாருக்கும் ஆர்வம் இருக்காது. எண்ணுக்குக் கட்டுப்பட்டவர்தான் வலைக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பார்.

பலன்? 2012-இல் சுமார் 11,000 சினூக்தான் சிக்கின. அதற்குப் பிறகும் வரம்பு ஒருமுறைகூடத் தாண்டப்படவில்லை. சால்மன் மொத்தத்திலேயே குறைந்துவிட்டதால் வலையிலும் குறைந்தது என்று ஒரு பகுதியைச் சொல்லலாம். எவ்வளவு விழுக்காடு வரம்பால், எவ்வளவு இயற்கையால் என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

பங்கு பிரிக்காத வரம்பு என்ன ஆகும் என்பதற்கு அதே அலாஸ்காவின் தெற்கே ஒரு நிகழ்வு உண்டு. அலாஸ்கா வளைகுடாவில் பொல்லாக் வலைகளுக்கு 25,000 சினூக் வரம்பு, அதில் நடுப்பகுதிக்கு 18,316. ஆனால் அங்கே பொல்லாக்கும் தனித்தனிக் கோட்டாவாகப் பிரிக்கப்படவில்லை, சால்மனும் பிரிக்கப்படவில்லை. எல்லாரும் ஒரே குளத்தில் கையை விட வேண்டியதுதான். 2024 செப்டம்பரில் இரண்டு படகுகள் மிகக் குறுகிய நேரத்தில் சுமார் 2,000 சினூக்கைப் பிடித்தன. நடுப்பகுதி மீன்பிடிப்பு முழுவதும் மூடப்பட்டது, பெருமளவு பொல்லாக் பிடிக்கப்படாமலே நின்றது. கவனமாக இருந்த படகும் கரையில் கட்டப்பட்டது. இந்த ஏற்பாட்டில் கவனமாக இருப்பவர் இழக்கிறார், அவசரப்பட்டவர் முன்பே தன் பங்கை அள்ளிவிடுகிறார். எனவே வரம்பு வைத்தோம், பலனில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அது யாருக்கிடையே பிரிக்கப்பட்டது என்பதைத்தான்.

தனிக் கப்பலுக்குப் பிரித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கிழக்குப் பசிபிக்கின் டால்பின்கள் சாட்சி. மஞ்சள்துடுப்புச் சூரை டால்பின் கூட்டத்தின் கீழே நீந்தும், அதனால் டால்பினைச் சுற்றியே வலை போட்டார்கள். 1986-இல் சுமார் 1,33,000 டால்பின் செத்தன. 1992-இல் நாடுகள் சேர்ந்து லா ஹோயாவில் ஒப்பந்தம் செய்து, கப்பலுக்குக் கப்பல் சாவு வரம்பு வைத்தன, எல்லாப் பெரிய கப்பலிலும் கண்காணிப்பாளரை ஏற்றின. பின்னர் வந்த ஒப்பந்தம் ஆண்டுக்கு மொத்தம் 5,000 என்று உச்சவரம்பிட்டது. கடந்த பல ஆண்டுகளாக உண்மையான சாவு 1,000-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான். கப்பலைப் பின்னோக்கி ஓட்டி, வலையின் மேல்விளிம்பைச் சற்று அமிழ்த்தி டால்பினை வெளியே நழுவவிடும் முறை முன்பே இருந்ததுதான். அதை ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் செய்ய வைத்தது தன் கப்பலின் வரம்பு. இதிலும் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. சாவு இவ்வளவு குறைந்தும் டால்பின் கூட்டங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பெருகியதாகத் தெளிவான சான்று இல்லை. துரத்தலில் தாயும் குட்டியும் பிரிவதா, கடலின் நிலை மாறியதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். வரம்பு தளத்துக்கு வந்த பிணத்தைத்தான் எண்ணும்.

மிக அரிதான உயிருக்கு வரம்பு வைக்கும்போது வேறு வகைச் சிக்கல். ஹவாயில் வாள்மீனுக்கான நீண்ட தூண்டில் கயிறு மீன்பிடிப்பை 2004-இல் மீண்டும் திறந்தபோது, ஆண்டுக்குப் பெருந்தலை ஆமை 17, ஏழுவரி ஆமை 16 என்று வரம்பு வைத்தார்கள். வட்டக் கொக்கி, கணவாய்க்குப் பதில் கானாங்கெளுத்தி வகை இரை, எல்லாப் பயணத்திலும் கண்காணிப்பாளர் என்று நிபந்தனைகளும் உண்டு. கொக்கியும் இரையும் மாறியதிலேயே ஆமை சிக்குவது வெகுவாகக் குறைந்தது. இருந்தும் 2006-லும் 2019-லும் மார்ச் மாதமே 17-ஐத் தொட்டு மீன்பிடிப்பு மூடப்பட்டது. இவ்வளவு சிறிய எண்ணில் அதிர்ஷ்டமே முடிவெடுக்கிறது. பிறகு 2020-இல் ஏழுவரி ஆமைக்கு 16 என்ற வரம்பை வைத்துக்கொண்டு, பெருந்தலை ஆமைக்குப் பயணத்துக்கு 5 என்று மாற்றினார்கள். ஒரு கப்பல் அதைத் தொட்டால் அது மட்டும் கரை திரும்பும். இது சரியான திருத்தம் என்றே எண்ணுகிறேன். ஹவாய் மூடியபோது அமெரிக்கச் சந்தைக்கு வாள்மீன் நிற்கவில்லை, கண்காணிப்பு குறைந்த நாட்டுக் கப்பல்களிலிருந்து வந்தது. ஆமைக்கு அது நல்லதில்லை என்று வாதிடும் ஆய்வுகள் உண்டு. திசை சரி, அளவு எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இதோடு சேர்ந்தது, ஒரு சிறிய வரம்பு பெரிய மீன்பிடிப்பு முழுவதையும் முடக்கும் நிலை. அமெரிக்க மேற்குக் கரையில் 2011-இல் தனிக் கோட்டா வந்தபோது, மஞ்சள்கண் பாறைமீனுக்குக் கரை சார்ந்த இழுவைப் படகுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெறும் 600 கிலோ. ஒரு துரதிர்ஷ்டமான இழுப்பு ஒரு படகின் பல ஆண்டுப் பங்கை விழுங்கிவிடும். அங்கே சில துறைமுகப் படகுகள் தம் பங்குகளை ஒன்றாகப் போட்டு, யாருக்கு நேர்ந்தாலும் பொதுவிலிருந்து ஈடுசெய்வதென்று உடன்பட்டன. பதிலுக்கு ஒவ்வொருவரும் எங்கே எதைப் பிடித்தார் என்பதை மறைக்காமல் பகிர வேண்டும், ஆபத்தான பாறைகளை ஒதுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு நேர்மாறு. 2015 முதல் 2019-க்குள் கோட்டா மீனைக் கடலில் எறியக்கூடாது என்ற விதி படிப்படியாக வந்தது, ஆனால் கடலில் கண்காணிப்பு மிகக் குறைவு. எறிவது தொடர்கிறது என்பதை அதிகாரப்பூர்வ மதிப்பீடுகளே ஒப்புக்கொள்கின்றன. உங்கள் அச்சம் மெய்யாகும் இடம் இதுதான்.

எதை எண்ணுவது என்பதும் முக்கியம். பெரிங் கடலின் தட்டைமீன் கப்பல்களுக்கு, ஹாலிபட் என்ற பெரிய தட்டைமீனுக்கான வரம்பு மீன் கணக்கில் இல்லை, செத்த எடையின் கணக்கில். பெரும்பகுதிக் கப்பல்களுக்கு 2016-இல் அது 2,325 டன்னிலிருந்து 1,745 டன்னாகக் குறைந்தது. இப்போது ஹாலிபட் வளத்தைப் பொறுத்து 1,134 டன் வரை இறங்கலாம். முன்பு ஹாலிபட்டைத் தொட்டிக்குள் விட்டு, தொழிற்சாலையில் பிரித்துக் கடலில் விடுவார்கள். அதற்குள் பெரும்பாலும் செத்திருக்கும். இப்போது தளத்திலேயே சில நிமிடங்களில் பிரித்து, உயிரோடு திருப்பி விடுகிறார்கள். சாவு விகிதம் பாதியளவுக்குக் குறைய வாய்ப்பு உண்டு, வரம்பில் அந்தப் பலன் கப்பலுக்கே வரவாகிறது. எண்ணும் முறை மாறியதும் வேலை செய்யும் முறையும் மாறியது.

இனி ஐயத்துக்குரியவை. இந்த வரம்புகள் யூகான் ஆற்றுச் சினூக்கைக் காப்பாற்றினவா? இல்லை. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூகானில் ஏழு ஆண்டுகளுக்குச் சினூக் பிடிப்பதையே நிறுத்த உடன்பட்டன. கனடாவுக்குள் 71,000 மீன் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு, வருவது அதில் ஒரு சிறு பங்கு. வலையில் சிக்குபவை பெரும்பாலும் முதிராத மீன்கள், அவற்றில் பல எப்படியும் ஆறு திரும்பும் முன் செத்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் மேற்கு அலாஸ்கா ஆறுகளுக்கு நேர்ந்த இழப்பு திரும்பும் மீன் தொகையில் சில விழுக்காடுதான் என்று மதிப்பிடுகிறார்கள். சூடான நீர், இரை மாற்றம், நோய் ஆகியவை பெரிய காரணங்கள் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு மீன்கூட பிடிக்கக்கூடாது என்று விலக்கப்பட்ட ஊர்க்காரர், கப்பல்களுக்கு 45,000 வரை இடம் இருக்கிறதே என்று கேட்பது நியாயமான கேள்வி. அறிவியல் விழுக்காட்டைச் சொல்லும், யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைச் சொல்லாது. சம் என்ற இன்னொரு வகைச் சால்மனில் இன்னும் சிக்கல். 2021-இல் ஐந்து லட்சத்துக்கும் மேல் சிக்கின, மரபணுப்படி அதில் மேற்கு அலாஸ்கா மீன் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, பெரும்பங்கு ஆசியாவிலிருந்து வந்தது. எல்லாச் சம் மீனையும் ஒன்றாக எண்ணினால் கப்பல் ஆசிய மீனைத் தவிர்த்து, காக்க வேண்டிய மீன் இருக்கும் நீருக்கே போகவும் கூடும்.

நம் கரைக்கு இது பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். மீன் வகைக்கு உச்சவரம்பு என்பது இப்போதைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. பெரிங் கடலில் ஒரு மீனைத் தேடிப் போகும் நூற்றுச் சொச்சம் கப்பல்கள். தமிழகத்தில் ஆயிரக்கணக்கான விசைப்படகுகள், ஒரே இழுப்பில் பல பத்து வகை மீன், சிறியவை சங்காயம் என்னும் கழிவு மீனாக மீன்மாவு ஆலைக்குப் போய் விலையும் பெறுகின்றன. விலை இருக்கும்வரை அதை வேண்டாத மீன் என்றே சொல்ல முடியாது. இங்கே வலைக்கண்ணியின் அளவும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடையும், ஆலைகள் வாங்கும் சிறு மீன் மீதான கட்டுப்பாடும்தான் கைக்கு எட்டும் வழிகள். ஆமை வேறு கதை. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அவை தனித்துத் தெரியும் உயிர், விற்க முடியாதவை, வரும் மாதங்களும் நீரும் தெரிந்தவை. அவற்றுக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் கரை ஒதுங்கிய பிணத்தை வைத்து வரம்பு வைக்க முடியாது, எந்தப் படகின் வலையில் செத்தது என்று அது சொல்லாது. முட்டையிடும் மாதங்களில் குறிப்பிட்ட துறைமுகங்களின் இழுவைப் படகுகள் சிலவற்றில் கேமரா வைத்து, ஆமை தப்பும் சாதனம் வலையில் உண்மையிலேயே தைக்கப்பட்டிருக்கிறதா என்று கரையில் பார்த்து, இரண்டு மூன்று பருவங்களுக்கு எண்ணை மட்டும் எடுக்கலாம். அந்தப் பருவங்களில் ஆமை சிக்கியதைச் சொன்னதற்காக எந்தப் படகுக்கும் அபராதம் கூடாது. அபராதம் என்றால் முதல் நாளே கேமராவின் கண்ணாடியில் மீன்செதில் ஒட்டிவிடும்.